உடையும் உள்ளமும்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்று நம் முன்னோர் சொன்னார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை ஏமாளி என்று சொன்னவர்களும் அவர்களே. முதற்பேச்சு உடையை மதிக்கச் சொல்கிறது. மற்றது வெளித்தோற்றத்தை நம்பாதே என்று எச்சரிக்கிறது. இரண்டையும் நாம் வேளைக்கு ஒன்றாக எடுத்தாள்கிறோம். புகைவண்டியில் எதிரே வந்து அமர்கிறவரின் உடையைக் கண்ட மாத்திரத்திலே, நம் பெட்டியைச் சற்றுப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லலாமா, கூடாதா என்று தீர்மானித்துவிடுகிறோம். வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர், வேலை கேட்டு வருகிறவர், சம்பந்தம் பேச வருகிறவர் ஆகிய எல்லோரையும் முதலில் அளப்பது நம் கண். அது அளப்பதோ அவர்கள் உடுத்தியிருக்கும் துணியை.

உடை ஒருவருடைய பண்பைக் காட்டுமா? இது பொழுதுபோக்காகக் கேட்டு விட்டுவிடத்தக்க கேள்வியன்று. இதற்கு நாம் கொள்ளும் விடையைப் பொறுத்தே ஒருவருக்கு வாயில் திறக்கிறது, இன்னொருவருக்கு அடைபடுகிறது. நீதிமன்றத்திலே ஒரு பெண்ணின் சொல் எடுபடுவதும் எடுபடாமற் போவதுங்கூடச் சில வேளைகளில் இதைப் பொறுத்து நின்றிருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலாவதாக, உடை எவற்றையெல்லாம் ஐயத்துக்கு இடமின்றித் தெரிவிக்கிறது என்று பார்ப்போம். காசுமீரத்து மக்கள் குளிர்காலத்தில் ‘ஃபிரன்’ என்னும் நீண்ட தளர்ந்த அங்கியை அணிந்து, அதனுள்ளே தீக்கங்கு இட்ட ‘காங்கிரி’ என்னும் கணப்புச் சட்டியை வைத்துக்கொள்கிறார்கள். அசாமிலே மகளிர் மேகலையும் சாதரும் உடுத்துகிறார்கள். கேரளத்திலே முண்டும் நேரியதும். மராட்டியத்திலே கச்சம் வைத்துக் கட்டும் ஒன்பது கசப் புடவை. இராசஸ்தானத்திலோ தலைப்பாகையின் நிறமும் கட்டும் வட்டாரத்துக்கு வட்டாரம், வகுப்புக்கு வகுப்பு, மங்கலம் அமங்கலம் என்ற நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுகின்றன. இவையெல்லாம் ஒருவர் பிறந்த ஊர், அவ்வூரின் வெயிலும் பனியும், அவர் செய்யும் தொழில், அவர் சார்ந்த சமூகம் ஆகியவற்றைக் கூறும். அவர் வாய்மையுடையவரா, இரக்கமுடையவரா என்பதை இவற்றில் எதுவும் கூறாது.

உடை கூறும் மற்றொரு செய்தி, உடுத்தியவருடைய கைப்பொருளின் அளவு. வெளுத்து மடித்த சட்டைக்குப் பின்னே தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும், உலர்த்த இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒன்று உலரும்வரை உடுத்திக்கொள்ள இன்னொன்று வேண்டும். மாற்றுத்துணி இல்லாதவர் கசங்கிய துணியோடு நிற்பதைக் கண்டு அவரைச் சோம்பேறி என்று நாம் முடிவு கட்டுவோமானால், அவருடைய வறுமைக்குக் குணக்கேடு என்று பெயரிட்டவர்கள் ஆகிறோம். நாட்டில் மிகப் பரவலாக நடக்கும் தவறு இதுவே. இது அமைதியாக நடப்பதால் தவறென்றுகூட நமக்குத் தோன்றுவதில்லை.

இன்னும் ஒருபடி உள்ளே செல்வோம். இந்திய சமுதாயத்தில் நெடுங்காலம் உடை என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டதாக இருக்கவில்லை. யார் எதை உடுத்தலாம், எதை உடுத்தலாகாது, எந்த நகை எந்தச் சாதிக்குரியது என்றெல்லாம் வழக்கமும், சில இடங்களில் அரசின் ஆணையுமே கட்டளையிட்டு வந்தன. தென் திருவிதாங்கூரிலே, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள பகுதியில், நாடார் குலப் பெண்கள் தோளை மறைத்து மேலாடை அணிவது குற்றமாகக் கருதப்பட்டது. அவ்வுரிமையைக் கேட்டு அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. மேலாடை அணிந்து சந்தைக்குச் சென்றவர்களின் துணி கிழிக்கப்பட்டது, வீடுகள் தீக்கிரையாயின. இறுதியில் 1859-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் திருவிதாங்கூர் மன்னர் பிரகடனம் ஒன்றை வெளியிட்டு, அவர்கள் மேலுடலை மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். அந்த அனுமதியிலும் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் மட்டும் அவர்கள் அணியலாகாது. மானத்தைக் காக்கத் துணி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, துணி தரலாம், சமத்துவம் தரலாகாது என்று விடை கிடைத்தது.

அதே திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை அணிய வேண்டுமென்பது வழக்கமாயிருந்தது. அது பார்த்தவுடனே அவர்களுடைய பிறப்பை அறிவிக்கும் அடையாளம். 1915-ஆம் ஆண்டில் அய்யங்காளியின் தலைமையில் கொல்லத்தில் கூடிய கூட்டத்திலே அப்பெண்கள் அம்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். மராட்டியத்திலே, 1927 திசம்பரில் மகாடு நகரில் நடந்த மாநாட்டின்போது, அண்ணல் அம்பேத்கர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்குத் தனியாக ஓர் உரை ஆற்றினார். புடவையை உடுத்தும் முறையும், கையிலும் கழுத்திலும் சுமக்கும் கனத்த வெள்ளி நகைகளும் தீண்டாமையின் முத்திரைகளாக இருப்பதை எடுத்துக்காட்டி, அவற்றை விட்டொழிக்குமாறு அவர் வேண்டிக்கொண்டார். அவர் உரையைக் கேட்ட பெண்கள் புடவை கட்டும் முறையை உடனே மாற்றிக்கொண்டார்கள் என்பது வரலாறு.

கைம்பெண்களுக்கு விதிக்கப்பட்ட வெண்ணிறப் புடவையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதை அவள் துறவுள்ளத்தின் அடையாளம் என்று போற்றியவர்கள், அவள் அதைத் தானே விரும்பி எடுத்தாளா என்று கேட்கவில்லை. மேலே கூறிய இவ்வுடைகளெல்லாம் ஒன்றை நன்றாகவே காட்டின. அவை காட்டியது உடுத்தியவரின் குணத்தையன்று. உடுத்தச் சொன்னவரின் குணத்தை.

உடை சிலருக்கு முத்திரையாக இருந்ததுபோல, வேறு சிலருக்கு வாயிற்காவலாகவும் இருந்திருக்கிறது. ஈசுவர சந்திர வித்தியாசாகரரை அறியாதார் வங்கத்தில் இல்லை. கல்கத்தா வடமொழிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். 1856-ஆம் ஆண்டின் கைம்பெண் மறுமணச் சட்டத்துக்கு மூலகாரணமாக விளங்கியவர். அவர் வாழ்நாள் முழுவதும் முரட்டு வேட்டியும் மேல்துண்டும் சாதாரணச் செருப்புமே அணிந்தார். 1874-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவிலுள்ள ஆசியக் கழகத்தின் கட்டடத்துக்குச் சென்றபோது, நாட்டுச் செருப்புடன் உள்ளே போகலாகாது என்று காவலர் தடுத்தார். ஆங்கில முறைப் பாதணி அணிந்த இந்தியர்கள் தடையின்றி உள்ளே சென்றுகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்ல வித்தியாசாகரர் உடன்படவில்லை, வாயிலிலிருந்தே திரும்பிவிட்டார். பிறகு அந்த விதியின் நியாயம் யாது என்று எழுத்து மூலமாகக் கேட்டார்.

இது அன்னியர் ஆட்சியின் செருக்கு என்று சொல்லி நாம் ஆறுதல் அடைய இயலாது. நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, விடுதலை பெற்ற இந்தியாவில், 2014-ஆம் ஆண்டு சென்னையிலே, வேட்டி அணிந்து சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு விளையாட்டு மன்றம் ஒன்றில் நுழைவு மறுக்கப்பட்டது. அவ்வாண்டே தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் ஒன்றை இயற்றி, வேட்டி முதலிய இந்திய மரபுடைகளைக் காரணங்காட்டி மன்றங்களிலும் பொதுவிடங்களிலும் நுழைவை மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நீதிபதிக்காகச் சட்டம் பிறந்தது நன்றே. எனினும் அதே வாயில்களில் நீதிபதியல்லாத எத்தனை பேர் சொல்லாமலே திரும்பியிருப்பார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றிலிருந்து நாம் ஒரு முடிவுக்கு வரலாம். விருப்பம் இல்லாத இடத்தில் உடை பண்பைப் பேசாது. பிறப்பும் வறுமையும் வழக்கமும் கொண்டுவந்து போர்த்திய துணியில் ஒருவருடைய உள்ளத்தைத் தேடுவது வீண். அப்படியானால், ஒருவர் தாமே எண்ணித் துணிந்து ஓர் உடையைத் தேர்ந்துகொள்ளும்போது என்ன ஆகிறது? இதற்குக் காந்தியடிகளின் வாழ்க்கை தக்க சான்று.

1888-ஆம் ஆண்டில் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்ற காந்தி, ஆங்கிலக் கனவானைப் போலத் தோன்ற விரும்பினார். பாண்டு தெருவிலே பத்துப் பவுன் செலவிட்டு மாலை விருந்துக்குரிய உடை தைத்துக்கொண்டார்; உயர்ந்த தொப்பியும் பொற்சங்கிலியும் அணிந்தார்; கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டி கட்டப் பழகினார். இவற்றையெல்லாம் அவரே தம் வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1893-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றுமாறு நீதிபதி சொன்னபோது, அவர் மறுத்து வெளியேறினார். அந்நியத் துணி மறுப்பு இயக்கம் நடந்த 1921-ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் வழியில், புகைவண்டியில் இருந்த மக்களிடம் கதர் உடுத்துமாறு கேட்டார். கதர் வாங்க எங்களிடம் பணம் ஏது என்று அவர்கள் விடை கூறினார்கள். அந்த விடை அவரை உறுத்தியது. முழுநீள வேட்டியும் சட்டையும் தொப்பியும் அணிந்துகொண்டு, ஏழையிடம் அந்நியத் துணியை எறி என்று எவ்வாறு சொல்வது? செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையிலே அவர் முழங்கால்வரையுள்ள சிறு துண்டுக்கு மாறினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தம்மைப் பின்பற்றித் தொண்டர்கள் எல்லோரும் இவ்வாறே உடுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அது வேண்டாம் என்றே எழுதினார். அந்த உடையின் சிறப்பு துணியின் குறைவில் இல்லை, அதை எடுத்த காரணத்தில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார். 1931 பிப்ரவரியில் சர்ச்சில் அவ்வுடையைப் பார்த்து ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்று இகழ்ந்தார். அவ்வாண்டு நவம்பரில் காந்தியடிகள் அதே உடையோடு பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் விருந்துக்குச் சென்றுவந்தார். பார்த்தவர் ஒருவர், உடுத்தியவர் ஒருவர். இருவருடைய பண்பையும் அந்தச் சிறு துண்டு வெளிப்படுத்திவிட்டது.

இனி அண்ணல் அம்பேத்கரின் உடையைப் பார்ப்போம். காந்தியடிகள் கழற்றிவைத்த மேனாட்டு உடையை அவர் விரும்பி அணிந்தார். இன்று நாடெங்கும் நாம் காணும் அவருடைய சிலைகள் நீலநிறக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நிற்கின்றன. இதைக் கண்டு, ஒருவர் எளிமையை நாடினார், மற்றவர் ஆடம்பரத்தை நாடினார் என்று சொல்வது மேலெழுந்தவாரியான பார்வை. உயர்ந்த உடையைப் பெற்றிருந்தவர் அதைத் துறந்தால் அது தியாகம். நல்லுடை உடுத்தும் உரிமையே தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்ட வகுப்பில் பிறந்தவர் அதைத் துறந்தால், எதிரிகள் விதித்ததை ஏற்றுக்கொண்டதாகவே முடியும். அவர் நிமிர்ந்து நின்று அணிந்த கோட்டு, தாழ்ந்து கிட என்ற கட்டளைக்கு அவர் தந்த மறுமொழி. ஒருவர் களைந்ததிலும் மற்றவர் அணிந்ததிலும் நாம் காண்பது ஒரே உறுதிதான். துணியை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்விருவரும் எதிரெதிராகத் தோன்றுவார்கள். ஏன் உடுத்தினார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று கேட்பவர்க்கே பண்பு தெரியும்.

விலை என்ற இச்சொல்லைப் பற்றிக்கொண்டால் கதரின் வரலாறும் விளங்கும். 1924 திசம்பரில் காந்தியடிகள் தலைமை தாங்கிய பெல்காம் காங்கிரசு, உறுப்பினர் திங்கள்தோறும் இரண்டாயிரம் கசம் நூல் தர வேண்டும் என்றும், காங்கிரசு அலுவல்களில் கதர் உடுத்த வேண்டும் என்றும் விதித்தது. அடுத்த ஆண்டே அவ்விதி தளர்த்தப்பட்டு, நூலுக்குப் பதிலாக நாலணா தரலாம் என்றாயிற்று. எனினும் அந்நாளில் கதர் உடுத்துவது எளிய செயலன்று. அது வேலையைப் பறிக்கக்கூடும். போலீசாரின் தடியை வருவிக்கக்கூடும். சிறைக்கும் அழைத்துச் செல்லக்கூடும். ஆதலால் அது உடுத்தியவரின் நெஞ்சுரத்துக்குச் சான்றாயிற்று. 1947-க்குப் பின் அதே கதர் மரியாதையையும் பதவியையும் வருவிக்கலாயிற்று. நெசவு மாறவில்லை, நிறம் மாறவில்லை, கொடுக்க வேண்டிய விலை மட்டும் மாறிவிட்டது. இன்றும் உள்ளன்போடு கதர் உடுத்துவோர் பலர் உளர். ஆயினும் கதரைக் கண்ட அளவில் உள்ளன்பைக் கண்டதாக எவரும் கொள்வதில்லை.

மதிப்பைத் தரும் எந்த உடையையும் போலிகள் தேடி வருவது இயற்கை. சீதையைக் கவர வந்த இராவணன் அரசகோலத்தில் வரவில்லை, துறவிக்கோலத்தில் வந்தான். திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் முழுவதும் இதைப் பற்றியதே. தவவேடத்துக்குள் மறைந்து தவறிழைப்பவரை வள்ளுவர் புலித்தோல் போர்த்து மேயும் பசுவுக்கு ஒப்பிட்டார். நம் காலத்திலும் இந்த நாடகம் புதிய மேடை ஏறியிருக்கிறது. காவல்துறைச் சீருடை அணிந்தவர்கள் கைப்பேசியின் காணொளி அழைப்பில் தோன்றி, உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் மோசடிக்கு ‘டிஜிட்டல் கைது’ என்று பெயர். 2024 அக்டோபரில் பிரதமரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையிலேயே இதுபற்றிய எச்சரிக்கை இடம்பெற்றது. சட்டத்தில் இத்தகைய கைது என ஒன்று இல்லவே இல்லை. ஏமாந்தவர்களிற் படித்தவர்களும் உண்டு. அவர்களை ஏமாற்றியது அந்தக் காக்கித்துணியின்மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கை.

உடையைக் கொண்டு குணத்தை அளக்கும் வழக்கம் மிகுதியாகத் தீங்கு செய்வது பெண்களுக்கே. நம் பெண்கள் பழைய முறைப்படி உடுத்தவேண்டும் என்று பேசுவோர் பலர். அந்தப் பழைய முறை எவ்வளவு பழையது என்று அவர்கள் ஆராய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வங்கத்து மகளிர் பெரும்பாலும் இரவிக்கையும் உட்பாவாடையும் இன்றி ஒற்றைப் புடவையே உடுத்தினர். சத்தியேந்திரநாத தாகூர் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்த முதல் இந்தியர். அவருடைய மனைவி ஞானதாநந்தினி தேவி 1860-களில் கணவருடன் பம்பாய்க்குச் சென்று, அங்கே பார்சிப் பெண்கள் உடுத்தும் முறையைக் கண்டு, இரவிக்கையும் உட்பாவாடையும் சேர்த்துப் புடவை உடுத்தும் வழக்கத்தை வங்கத்தில் பரப்பினார். இன்று மரபு என்று நாம் போற்றும் புடவைக்கட்டு அன்று புதுமை. அதே காலத்தில் திருவிதாங்கூரில் மேலாடை அணிந்த பெண் அடங்காதவள் எனப்பட்டாள். பின்னாளில் மேலாடை சற்று விலகிய பெண் அடங்காதவள் எனப்பட்டாள். அளவுகோல் தலைகீழாயிற்று, அதைக் கையில் வைத்திருந்தவர் மட்டும் மாறவில்லை.

இந்த அளவுகோல் நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்ததுண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலே, வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் சொல்லை அசைப்பதற்கு அவள் ஒழுக்கமற்றவள் என்று காட்டலாம் என்ற விதி நூற்று முப்பது ஆண்டுக் காலம் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அதை நீக்கியது. இசைவு பற்றிய கேள்வியில் அவளுடைய நடத்தை பற்றிய சாட்சியம் பொருத்தமற்றது என்று 2013-ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாக்கியது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் இதையே கூறுகிறது. எனினும் 2022 ஆகஸ்டில் கோழிக்கோட்டு அமர்வு நீதிமன்றம், பாலியல் தொல்லை வழக்கு ஒன்றில் முன்ஜாமீன் வழங்குகையில், முறையிட்ட பெண்ணின் உடை கிளர்ச்சியூட்டுவது என்று குறித்தது. அவ்வாண்டு அக்டோபரில் கேரள உயர்நீதிமன்றம், ஜாமீனை நிலைநிறுத்தியபோதிலும், அக்குறிப்பை நீக்கிவிட்டது. ஒரு பெண்ணின் உடை அவளிடம் அத்துமீறுவதற்கு உரிமம் ஆகாது என்று எடுத்துரைத்தது. 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் நீதிபதிகளுக்கும் வழக்குரைஞர்களுக்குமாக ஒரு கையேட்டை வெளியிட்டு, உடையைக் கொண்டு பெண்ணின் விருப்பத்தை ஊகிக்கும் எண்ணம் தவறானது என்று எடுத்துக்காட்டியது. சட்டம் தெளிவடைந்துவிட்டது. தெருமுனையும் திண்ணையும் இன்னும் தெளிவடைய வேண்டியிருக்கிறது.

அங்ஙனமாயின் உடை ஒன்றையுமே உணர்த்தாது என்று கொள்ளலாமா? அதுவும் மிகையாகும். துக்க வீட்டுக்குச் செல்லும்போது பகட்டான உடையை விலக்குகிறோம். பிறர் மனம் நோகாதிருக்க வேண்டுமென்ற எண்ணமே அதற்குக் காரணம். உள்ளதைத் துவைத்துத் தைத்துத் தூய்மையாக உடுத்தும் ஏழைத் தொழிலாளியிடம் தன்மதிப்பைக் காண்கிறோம். வழக்குரைஞரின் கருப்பு அங்கி, செவிலியரின் சீருடை, காவலரின் காக்கி ஆகியவை ஒருவகை வாக்குறுதிகள். இவரிடம் இன்ன கடமையை நீ எதிர்பார்க்கலாம் என்று அவை நமக்குச் சொல்கின்றன. அக்கடமை நிறைவேறிவிட்டது என்று அவை சொல்வதில்லை. வாக்குறுதியை நிறைவேற்றுவது உடுத்தியவரின் செயல். ஆதலால் சீருடைக்கு நாம் மரியாதை செய்வோம். சான்றிதழ் தருவதற்குச் செயலைப் பார்ப்போம்.

எனவே ஒருவருடைய உடையைக் கண்டு அவருடைய குணத்தைப் பற்றி நம் உள்ளம் தீர்ப்பு எழுதத் தொடங்கும்போது, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இவ்வுடையை இவர் தாமே தேர்ந்தாரா, அல்லது வறுமையோ வழக்கமோ இவருக்குத் தேர்ந்து கொடுத்ததா? தாமே தேர்ந்தாரெனில், அதற்காக இவர் எதையேனும் இழந்தாரா, அல்லது எதையேனும் பெறுவதற்காக உடுத்தினாரா? இவற்றுக்கு விடை தெரியாதபோது, நாம் இவரிடம் காண்பதாக எண்ணும் குணம் உண்மையில் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கும். வீட்டுக்கு வாடகை கேட்டு நிற்பவரிடமும், அலுவலக வாயிலில் மனுவோடு காத்திருப்பவரிடமும், காவல் நிலையத்தில் முறையிட வந்த பெண்ணிடமும், அவர் என்ன உடுத்தியிருக்கிறார் என்பதை விட்டு, என்ன சொல்கிறார் என்பதை முதலில் கேட்போமாக. உடுத்தியவரை அறிந்துகொள்ள நேரான வழி அதுவே.